கிளிஞ்சல் விழாத இடம்

சித்தப்பா படகில் வரும் நண்டுகள் கை அகலம் இருக்கும். அப்பா கொண்டுவருபவை எப்போதும் ஒரு சுற்றுச் சிறியவையாகவே எனக்குத் தெரிந்தன. கட்டுமாவடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் யாரும் நண்டுவலை போடும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். பெற்ற பிள்ளைக்கும் சொல்வதில்லை. சித்தப்பா மகள் என் வகுப்புதான். அவள் டிபன்பாக்ஸைத் திறந்தால் நண்டு வாசனை வரும். நான் என் ரசச்சோற்றை மூடிவிடுவேன்.

அந்த வருஷம் விசைப்படகுகள் கரைக்கு வரக் கால்வாய் தோண்டப்போவதாகப் பேச்சு. எங்கே தோண்டினால் ஊருக்கு இழப்பு குறைவு என்று பார்க்க ஓர் ஆய்வுக்குழு வந்தது. எங்கள் கடலைத் துணியில் வரைந்து ஏலக்கூடத் தரையில் விரித்தார்கள். அலையாத்திக் காடு, சேற்றுத்திட்டு, கடல்புல் படர்ந்த இடம் எல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்கு ஒரு கை கிளிஞ்சல் கொடுத்தார்கள். எந்த இடம் உங்களுக்கு அதிகம் கொடுக்கிறதோ அங்கே வையுங்கள், கிளிஞ்சல் நிறைந்த இடத்தில் தோண்டவிடமாட்டோம் என்றார் குழுவின் மேடம்.

அம்மா என் காதருகே குனிந்தாள். "ஒஞ் சித்தப்பா கை எங்கிட்டுப் போவுதுன்னு மட்டும் பாரு."

இமைக்காமல் பார்த்தேன். சித்தப்பா அலையாத்திக் காட்டின் மேல் வைத்தார். அவர் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. அப்பா சேற்றுத்திட்டில் கொட்டினார். பின்னால் வந்தவர்களும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காட்டிலும் திட்டிலுமே வைத்தார்கள்.

"எல்லாருமே காட்டுலதான் பொழைக்கிறோம் போல," என்று ஓர் அத்தை சிரித்தாள். அவள் கிளிஞ்சலும் அங்கேதான் கிடந்தது.

மேடத்துக்குச் சந்தேகம். "புல்லுல யாருக்கும் ஒண்ணுமே கெடைக்கிறதில்லையா?"

"அது வெறும் புல்லுங்க. வலையத்தான் கெடுக்கும்," என்றார் அப்பா.

"அண்ணன் சொல்றது சரிதாங்க," என்றார் சித்தப்பா. அவர் அப்பாவோடு ஒத்துப்போய் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புல் வழியாகவே கால்வாய் என்று முடிவானது. மழைக்காலம் கழிந்ததும் தோண்டும் இயந்திரம் மிதவையில் வந்து நின்றது. சேற்றோடு புல் வேர்வேராக மேலே வந்தது. அந்த வேர்களுக்குள் நண்டுக் குஞ்சுகள் ஓடின. கரையில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தேன். வாய் கோணியிருந்தது, கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது: அவருடைய இடம் இதுதான். இனி அவர் மகளுக்கும் ரசச்சோறுதான். அதைச் சொல்ல அப்பாவிடம் ஓடினேன்.

அப்பாவும் அதே முகத்தோடு நின்றிருந்தார். அவருக்கு அந்தப்பக்கம், அன்று சிரித்த அத்தையும்.

சித்தப்பா இடம் போனதற்கு இவர்கள் ஏன் அழவேண்டும் என்று எனக்குக் கோபமாக வந்தது.