கம்பளம் வெளியே கிடந்த நாள்

ஐலாவின் பாதங்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகும் வடகோடியில், கெமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள் அவள். ஓய்வு பெறும்வரை அந்த உயரக் கூண்டுதான் அவளுக்கு அலுவலகம். கூண்டுக்குள் இருந்த ஹீட்டர் முகத்தை வாட்டி எடுக்கும். கால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கீழே காகித உருளைகள் கப்பலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, மேலே அவள் பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, காலுறைகளைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தின் மேல் நிற்பது.

அது தடித்த கம்பளம். செங்கல் நிறம். கம்பளி இழைகள் விரலைப் புதைக்கும் அளவுக்கு நிற்கும். அடியில் வழுக்காமலிருக்க ரப்பர். விவாகரத்தான வருடம் வாங்கியது. பழைய வீட்டிலிருந்து மகள் மிர்வாவைக் கூட்டிக்கொண்டு, துணிப்பெட்டிகளோடு மட்டும்தான் வந்திருந்தாள். குடிவந்த நான்காம் மாடி வீட்டின் சிமெண்ட் தரையில் கால் வைத்தால் குளிர் நெற்றிவரை ஏறும். கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமானதைக் காட்டச் சொல்லி, யாரையும் கலந்துகொள்ளாமல் வாங்கினாள். மிர்வா அதன்மேல் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். அதன்மேல் உட்கார்ந்துதான் பிறகொரு நாள், கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள்.

காவ்கோவை ஐலா முதலில் பார்த்தது, ஓய்வு பெற்ற பிறகு, கடற்கரையில். கடல் உறைந்த பிறகு பனியை அறுத்துக் குளம்போல் ஒரு துளை வைத்திருப்பார்கள். சவுனா என்னும் நீராவி அறையில் வெந்துவிட்டு அதில் இறங்குவார்கள். ஐலா இறங்கிய வேகத்தில் ஏறிவிடுவாள். காவ்கோ, ரயில்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கழுத்துவரை தண்ணீரில் பேப்பர் படிப்பவன்போல நிற்பான். இவனுக்குக் குளிரென்றால் என்னவென்றே தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காபிக்குக் கூப்பிட்டான். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு அவன் வீட்டுத் தரையில் கால் வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். டைல்ஸுக்கு அடியில் தரையைச் சூடாக்க ஓடும் மின்கம்பிகளின் சூடு உள்ளங்காலில் மெல்ல ஏறியது. அவன் உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

இலையுதிர்காலத்தில், தன்னோடு வந்து இருக்க முடியுமா என்று அவன் கேட்டான். குளிர்காலம் முழுக்க இருந்து பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் மே மாதம் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், அதுவரை அதை விற்கப்போவதில்லை என்று அவள் சொன்னாள். அவன் தலையசைத்தான். அவ்வளவுதான் பேச்சு. அறுபதைத் தாண்டிய பிறகு இன்னொருவர் வீட்டில் இன்னொருவர் பழக்கங்களோடு இருக்க முடியுமா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. காவ்கோவைப் பிடித்திருந்தது. அது வேறு.

அவன் வீட்டுக் கூடம் ஆஸ்பத்திரி நடைபோல மொட்டையாக இருந்தது. உனக்கு வேண்டியதைக் கொண்டுவா என்றான். அவள் கம்பளத்தைக் கொண்டுவந்தாள். அவனே மேசையை நகர்த்தி, நட்டநடுவில் விரித்து, ஓரங்களைக் காலால் நேராக்கினான்.

சில நாட்களில் வீடு குளிர ஆரம்பித்தது.

முதலில் வெளியே குளிர் கூடிவிட்டது என்று நினைத்தாள். பிறகு கவனித்தாள்: கூடத்துச் சுவரில், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. தரை சூடேறும்போது எரியும். இப்போது எந்நேரமும் அணைந்தே கிடந்தது. காவ்கோ குறைத்துவிட்டான். பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுக்கும் ஆள், ஆச்சரியமில்லை. அடுத்தவர் வீட்டுத் திருகில் கை வைப்பது அந்த ஊரில் அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். குளிருகிறது என்று சொல்வது அதைவிட மோசம். வீட்டுக்காரரைக் குறை சொன்னதாகிவிடும். அவள் இன்னொரு ஜோடி காலுறை போட்டுக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பனி மாவுபோல் உலர்ந்திருந்தது. கம்பளம் தட்டுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. தெருவில் எல்லார் வீட்டிலும் அந்தச் சத்தம். இருவருமாகக் கம்பளத்தைச் சுமந்துபோய் பனிமேல் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். தூக்கியபோது பனியில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது. இத்தனை வருட அழுக்கா என்று காவ்கோ கேட்டான். பாதி உன்னுடையது என்றாள் அவள். பூச்சி பொட்டெல்லாம் உறைந்து சாகட்டும் என்று முற்றத்துச் சட்டத்தில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

மறுநாள் காலை எழுந்து கூடத்துக்கு வந்தவள் காலுறைகளைக் கழற்றினாள். தரை வெதுவெதுவென்றிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மனசு கேட்காமல் கூட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அதைச் சொல்லிக்காட்டாமல் ஏலக்காய் பன் சுட்டாள். அவன் சாப்பிட்டான். பிறகு, கேட்காமலே வெளியே போய் அவளுடைய காரின் மேலிருந்த பனியை எல்லாம் வழித்துத் தள்ளி, கண்ணாடியைச் சுரண்டித் துடைத்து வைத்தான். ஜன்னல் வழியே பார்த்தபோது, மே மாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் கம்பளம் உள்ளே வந்தது. மூன்றாம் நாள் விளக்கு எரியவில்லை.

மிர்வாவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். “அம்மா, அவர்கிட்டயே கேளேன்.”

“கேட்டு வாங்குற சூடு எனக்கு வேணாம்” என்றாள் ஐலா.

புத்தாண்டு கழிந்ததும், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். தண்ணீர் ஊற்றினாள். சுவரோரம் அறையைச் சூடாக்கக் கொதிக்கும் ரேடியேட்டரில் கால் வைத்து உட்கார்ந்தாள். கம்பளம் இல்லாத தரையில் அதன் அளவுக்கு வெளிறிய ஒரு இடம் இருந்தது. அன்று திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. காவ்கோ போன் செய்யவில்லை. கம்பளத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது, யார் காரில், என்பதுவரை யோசித்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் மதியம் மணி அடித்தது. காவ்கோ ஒரு பானை சால்மன் மீன் சூப்போடு நின்றான். பானையை அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து பூட்ஸைக் கழற்றினான். அவன் பாதங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. காலுறைக்கு மேல் காலுறை, அதற்கு மேல் பின்னிய தடித்த கம்பளிக் காலுறை.

“என்ன காவ்கோ இது? காலுக்குக் கட்டுப் போட்டிருக்கியா?”

“சாக்ஸ்” என்றான். “வீட்ல குளிர் தாங்கல.”

“குளிரா? உனக்கா?”

“எனக்குக் குளிரக் கூடாதா? நான் என்ன கடல்நாயா?”

“ஐஸ் தண்ணில கழுத்து வரைக்கும் நிக்கிறியே.”

“வெளிய வந்தா சூடா இருக்கும்னுதான் நிக்கிறேன்.”

அவள் பானையைக் கீழே வைத்தாள். “அப்படின்னா சூட்டை எதுக்குக் குறைச்சே?”

காவ்கோ அவளை நிமிர்ந்து பார்த்தான். “நான் எங்க குறைச்சேன்? நீதான் குறைச்சிட்டதா நெனச்சேன். கிரேன்ல உக்காந்து பழகினவ, சூடு ஒத்துக்கலபோல, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒருநாள் கூட்டி வச்சியே.”

“அது நீ வச்சது. அதுக்குத்தானே உன் காரைத் துடைச்சு வச்சேன்.”

“அப்ப நான் பன் சுட்டது?”

“அது எதுக்குன்னு தெரியல” என்றான். “நல்லா இருந்துச்சு.”

ஐலா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வெகுநேரம் ஓயவில்லை. காவ்கோ எதற்கென்று முழுசாகப் புரியாமலே கூடச் சிரித்தான். ரேடியேட்டர் பக்கம் காலை நீட்டி, ஒவ்வொரு காலுறையாக உரித்தான்.

சூப்பைக் குடிக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. தூக்கிய பாரம் ஆட ஆரம்பித்தால், கிரேன்காரர் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எது மாறியது? யாரும் தொடாத திருகு ஒருநாள் மட்டும் வேலை செய்திருக்கிறது. அந்த ஒருநாள் வீட்டில் இல்லாதது எது? கரண்டியை வைத்துவிட்டு, காரை எடு என்றாள்.

காவ்கோ வீட்டுக்குள் நுழைந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் இருவரும் கம்பளத்தைச் சுருட்டினார்கள். அடியில் இருந்த டைல்ஸ் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோல் சுட்டது. ஓரடி தள்ளி, ஜில்லென்று கிடந்தது. காவ்கோ மண்டியிட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனவன் நடுவில் நின்றான். இந்தத் தரையைப் போட்டது அவன்தான். சூட்டை அளக்கும் சென்சாரை இங்கேதான், கூடத்தின் நட்டநடுவில், டைல்ஸுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் வைத்திருந்தான்.

“அது பாவம். போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, ஊரே வெந்துபோச்சுன்னு நெனச்சு சூட்டை நிறுத்தியிருக்கு” என்றான்.

ஐலா சுருட்டிய கம்பளத்தைப் பிடித்தபடி நின்றாள். இந்த வீட்டுக்குள் அவள் கொண்டுவந்த ஒரே பொருள். அதுதான் இருவரையும் நடுங்க வைத்திருக்கிறது. காவ்கோ கொட்டகைப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது கையில் சுத்தியலும் உளியும் இருந்தன. டைல்ஸ் இணைப்பில் உளியை வைத்தான்.

“என்ன பண்றே?”

“சென்சாரை அந்தச் சுவரோரம் மாத்திடறேன். உன் கம்பளம் இங்கயே இருக்கட்டும்.”

தானே குனிந்து குனிந்து பதித்த தரையை உடைக்கப் போகிறான். அதைத் தியாகமாகச் செய்யவில்லை. குழாய் ஒழுகினால் சரிசெய்வதுபோல், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். ஐலா கம்பளத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

“மாத்தினாலும் பிரயோஜனமில்ல. ரப்பரும் கம்பளியும் சூட்டை மேல விடாது. அடியிலயே வெந்துக்கிட்டுக் கிடக்கும்” என்றாள். பிறகு, “கம்பளத்து மேல நிக்கிறதுக்குன்னா நான் நாலாம் மாடியிலயே இருந்திருப்பேன். நான் இந்தத் தரைக்கு வந்தவ” என்றாள்.

தரைக்கு மட்டுந்தானா என்று அவன் கேட்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அடுத்த நாள் ஊருக்குள் கம்பளக் கடைக்குப் போனார்கள். தரை சூடேறுவதா என்று கேட்ட கடைக்காரப் பெண், ஆமென்றதும் பாதிக் கடையைக் கையால் ஒதுக்கிவிட்டாள். புசுபுசுவென்று இழை நிற்பது வேண்டாம். அடியில் ரப்பர், நுரை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. ரப்பர் நாளாக நாளாகச் சூட்டில் உருகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தட்டையாக நெய்தது, மெலிசானது, பருத்தி, சணல், இல்லாவிட்டால் மெல்லிய கம்பளி. வழுக்கினால் அடியில் ஓட்டை ஓட்டையான வலை விரிக்கலாம். காவ்கோ ஒவ்வொரு விரிப்பையும் தூக்கி, ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து மறுபக்கம் வாயால் ஊதிப் பார்த்தான்.

“அப்படியும் பாக்கலாம்” என்றாள் கடைக்காரப் பெண், சிரிக்காமல்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு, வேண்டாததைத் திருப்பித் தரலாம். சணலில் ஒன்று, மெல்லிய கம்பளியில் நீலமும் சாம்பலும் கோடு போட்ட ஒன்று, இரண்டையும் எடுத்துவந்தார்கள். சென்சாரை விட்டு விலகி, ஜன்னலோரம் நாற்காலிகள் இருக்கும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். காபி குடித்து முடித்துவிட்டு வெறும் காலோடு ஏறி நின்றார்கள். இரண்டிலுமே சூடு மேலே வந்திருந்தது. விளக்கு எரிவதும் அணைவதுமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காவ்கோ சணல்தான் என்றான். அசையாமல் கிடக்கிறது, நன்றாக உழைக்கும்.

“எனக்குக் குத்துது” என்றாள் ஐலா.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று கவனித்தாள். இரண்டு மாதமாக இந்த வீட்டில் அவள் எதையும் பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை. காவ்கோவும் விடவில்லை. கோடு போட்டது படகுத்துறைப் பாய்போல இருக்கிறது, அழுக்குத் தெரியும் என்றான். அழுக்குத் தெரிந்தால் துவை என்றாள். ராத்திரிச் சாப்பாடுவரை அது ஓடியது. கடைசியில் சணல் காருக்குள் போனது.

செங்கல் நிறக் கம்பளத்துக்கும் இடம் கிடைத்தது. படுக்கையறையில் கம்பி ஓடவில்லை, மரத்தரை. ஜன்னலைக் குளிர்காலத்திலும் விரலளவு திறந்து வைத்துத் தூங்குகிறவன் காவ்கோ. கட்டிலில் அவள் இறங்கும் பக்கத்தில் அதை விரித்தான். ரப்பரை என்ன செய்வது என்று கேட்டான். இங்கே அதற்கு வெந்துபோக வழியில்லை, கிடக்கட்டும் என்றாள்.

ஜனவரி முடிவதற்குள் ஐலா வீட்டுத் தரகருக்குப் போன் செய்தாள். நான்காம் மாடி வீட்டை விற்பனைக்குப் போடச் சொன்னாள். இப்போது யாரும் வாங்க மாட்டார்கள், பனி உருகட்டும், மே மாதம் நல்ல விலை வரும் என்றார் தரகர். மே மாதம்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றாள். சமையலறையிலிருந்து காவ்கோ, தரகர் சொல்வதுதான் சரி, அவசரப்படாதே என்று குரல் கொடுத்தான்.

ஐலா போனைக் கையால் பொத்தினாள். “நீ வாயை மூடு. அது என் வீடு.”

“சொன்னா கேட்டுக்கிறதே இல்ல” என்று அங்கிருந்து பதில் வந்தது. “இதே வாய் டிசம்பர்ல எங்க போயிருந்துச்சு?”

“உன் வாய் எங்க போயிருந்துச்சோ அங்கதான்.”

போனை மறுபடி காதில் வைத்தாள். ஏதாவது பிரச்சினையா, அப்புறம் பேசட்டுமா என்று தரகர் தயங்கிக் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க, சொல்லுங்க” என்றாள். “வீட்ல சண்டை.” சொல்லிவிட்டு, ஜன்னலோரக் கோடுகளின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள்.