எலுமிச்சைத் தண்ணீரை நக்கிக் காட்டியவர்

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் அந்த மனிதர் வந்தார். மடிப்புக் கலையாத பச்சைச் சட்டை, கையில் எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் பாட்டில். இயற்கை முறையில் வீடு துடைக்கச் சொல்லிக்கொடுக்கிறாராம். அதுவும் காலமெல்லாம் தரை துடைத்த எனக்கு! பேச்சுக்குப் பேச்சு பாட்டிலில் விரலை விட்டு நக்கிக் காட்டினார்.

"கெமிக்கலே இல்லம்மா. குழந்தைகூட குடிக்கலாம்."

"நான் இன்னா குடிக்கவா கேட்டேன்? எலுமிச்சம்பழம் பித்தளைக்கு ஆவும், மார்பிளுக்கு ஆவாது. ஊத்தாதப்பா."

"இயற்கை எதையும் கெடுக்காதும்மா" என்று சிரித்தபடியே, என் வீட்டுக்காரர் ஆசையாகப் போட்ட வெள்ளை மார்பிள் தரையில் ஊற்றிவிட்டார். துடைத்தால், தட்டு அகலத்துக்குப் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு மாதிரி கிடக்கிறது. மனிதர் பதறவே இல்லை. "அழுக்கு உள்ள இறங்கியிருக்கும்மா" என்று அதன் மேலேயே இன்னும் ஊற்றினார்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த எனக்குத் தெரிந்தது, பாடம் நடத்த வந்தவருக்குத் தெரியவில்லை.

"எழுந்து போய்யா!" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஏமாற்றுக்காரன்தான் என்று எண்ணிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டவர், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அந்தத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

ஏமாற்றுக்காரனைத் திட்டித் தீர்த்துவிடலாம். நிஜமாகவே நம்பிய ஆளை என்னவென்று திட்டுவது? தரை துடைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை வட்டம் என்னை இதையே கேட்கிறது.