கச்சேரிக் கூரையை அடைத்தவருக்கு

பழைய தாலுகா ஆபீஸ் கூரையை மறைத்து அட்டை சீலிங் அடித்தது நீங்கள்தான், அதிகாரி அவர்களே. நேற்று டவாலி கூப்பிட்ட பெயர் அவர் வாயோடு நின்றுவிட்டது. கீரனூரிலிருந்து பஸ்ஸில் வந்த காது மந்தமான பெரியவர், முறை போனது தெரியாமல் உட்கார்ந்தே இருந்தார்.

என் அப்பாவுக்கும் காது மந்தம். அந்த ஆபீசை அவர் கச்சேரி என்பார். பாட்டுக் கச்சேரி என்று நினைத்து ஒருநாள் நானும் ஒட்டிக்கொண்டேன். உள்ளே சுண்ணாம்பு வாடை, எட்டாத உயரத்தில் புறாக்கள். டவாலி "கருப்பையா!" என்றதும் கூரை முழுக்க அந்தப் பெயர் சுற்றிவந்தது.

அப்பாவின் சட்டையை இழுத்து, "பாட்டு எப்பப்பா?" என்று கத்தினேன்.

"இதான்டி பாட்டு! எனக்கே கேக்குதுல்ல?" என்று சிரித்தபடி எழுந்து போனார்.

ஏசி குளிர் தங்க வேண்டும் என்று அந்தக் கூரையை அடைத்தீர்களே, யாரைக் கேட்டீர்கள்? மனு நாளில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.