வெல்டிங் வைத்த கேரியர்

என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வாய்க்காலைத் தாண்டுவார். தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வரச் சொன்னால் மட்டும் அவருக்குத் தோள்பட்டை வலி வந்துவிடும். இதைச் சொன்னாலே அவரைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரிதான்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம் அது. இரும்புக் கம்பெனி ஒன்றில் அவருக்கு ஷிப்டு வேலை. திருவாலங்காட்டில் நெல் வயலும் மாடுமாக வளர்ந்த நான், கல்யாணமாகி இங்கே ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு வந்து சேர்ந்தேன். அவருடைய கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஆட்கள் உடம்பெல்லாம் சேறாக சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும் படத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். அதைக் கொண்டுவந்து கேன்டீனில் காட்டிவிட்டார். அந்தப் பந்தயத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டாம். யார் வாயிலும் நுழையவில்லை. 'சேத்து ரேஸ்' என்று இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மெயின் ரோட்டு டீக்கடையில் புறப்பட வேண்டும். ஏரிக்கரை ஏறி, வரப்பு வழியாகப் போய், வாய்க்காலைத் தாண்டி, பனந்தோப்பு மணலில் திணறி, எங்கள் தெருமுனையில் மறுபடி ரோட்டைப் பிடித்து, அதே டீக்கடைக்கு வர வேண்டும். ஓட்ட முடிந்தால் ஓட்டலாம், முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ், மிச்ச ஞாயிறெல்லாம் அதற்குப் பிராக்டீஸ். மூன்று பேருக்குப் பரிசு உண்டு. என் வீட்டுக்காரர் தவறாமல் நாலாவது வருவார்.

நாலாவது வந்தவன் கனம் குறைந்தால் மூன்றாவது வரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் தொப்பையைக் குறைப்பார் என்று நினைத்தேன். சைக்கிளைக் குறைத்தார். சனிக்கிழமை சாயங்காலமானால் ஸ்பேனரோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பெல், கடைசியில் கேரியர் எல்லாம் கழன்று கட்டிலுக்கடியில் அரிசி டின் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். திரும்ப மாட்ட அவருக்கு நேரமே வராது. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைப்பார். அது விழுந்துகொண்டே இருக்கும்.

மட்கார்டு போனால் எனக்கென்ன? கேரியர் போனதுதான் பொறுக்கவில்லை. அது என்னுடைய இடம். கல்யாணமான புதிதில் அவரே வாய்விட்டுச் சொன்னது: "ஞாயித்துக்கெயம உன்னுது. மேட்னி கூட்டிக்கினு போவேன்." சொன்னபடி முதல் இரண்டு மூன்று வருஷம் கூட்டிக்கொண்டும் போனார். டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும் காலம். தொப்பி தெரிந்தால் "எறங்கு, எறங்கு" என்பார். நான் இறங்கி, யாரோ எவரோ மாதிரி தலைகுனிந்து நடப்பேன். திருப்பம் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வேன். அந்தத் திருட்டுத்தனத்தில் இருந்த சுகம் கொட்டகைக்குள்கூட இருந்ததில்லை. மகள் பிறந்த பிறகும் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். சேத்து ரேஸ் வந்தது, எல்லாம் நின்றது. சினிமாவை விடுங்கள். வாரத்தில் ஒரு மத்தியானம் அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததே என்று எரிச்சலாக வந்தது.

பொங்கல் கழித்து வந்த ரேஸுக்கு இரண்டாம் பரிசாக நாலடுக்கு டிபன் கேரியர் என்று அறிவித்திருந்தார்கள்.

"இந்த வாட்டி உனக்குத்தான் கேரியரு," என்றார் பெருமையாக.

"எனக்கு ஒக்கார்ற கேரியரு போதும்யா. ரெண்டு மாசமா அரிசி டின் பக்கத்துல கீது," என்றேன்.

"பேஜாரு பண்ணாத புள்ள. ரேஸு முடிஞ்சதும் மேட்னி. சத்தியமா."

போன மாதமும் இதே சத்தியம்தான் செய்தார். ரேஸ் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, எந்த வரப்பில் யார் விழுந்தான் என்று பேசிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சேற்றோடு வந்து கட்டிலில் சாய்ந்தவர் மறுநாள் கம்பெனிச் சங்கு ஊதும்போதுதான் எழுந்தார்.

அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டு. சனிக்கிழமை பகலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த வெல்டிங் கடைக்குப் போனேன்.

"இத்த இங்க வெச்சி வெல்டு வெச்சிடு. போல்ட்டு வாணாம்."

வெல்டிங்காரர் என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார். "அண்ணனுக்குத் தெரியுமாக்கா?"

"அவருதாம்பா அனுப்புனாரு. வலுவா வெய்."

கூலி வேண்டாம் என்றார். பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரம்மா கொண்டுவந்த நண்டில் வைத்த குழம்பை அப்புறம் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பொய்க்காக எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அன்று சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளே அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சீட்டை முறுக்கும் சத்தம் கேட்டது. பிரேக்கை இறுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கேரியரை ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கத்தப் போகிறார் என்று பதிலெல்லாம் யோசித்துவைத்திருந்தேன்.

"யாரு வெச்ச வெல்டிங்குமே இது?" என்றார் கடைசியில். "நல்லா வெச்சிக்கீறான்."

இரும்புக் கம்பெனிக்காரனைக் கட்டிக்கொண்டால் கோபத்தைக்கூட ஒழுங்காக வாங்க முடியாது.

மறுநாள் கொடியசைக்க வரவேண்டிய பெரிய மனிதர் தாமதமாக வந்ததால் ரேஸ் பன்னிரண்டு மணிக்குத்தான் புறப்பட்டது. மேட்னி இரண்டரைக்கு. அவர் டீக்கடைக்குள் நுழைந்துவிட்டால் என் ஞாயிறு போயிற்று என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தேன். நல்ல புடவை கட்டி, பூ வைத்து, மகளுக்கும் புது கவுன் போட்டு, தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். டீக்கடை அங்கிருந்து கூப்பிடு தூரம். எப்படியும் முதல் மூன்று பேர் போன பிறகுதான் வருவார். வந்ததும் ஏறிக்கொண்டு அப்படியே கொட்டகைக்குத் திருப்பிவிட வேண்டியதுதான்.

பனந்தோப்பிலிருந்து முதல் ஆள் வந்தான், போனான். அடுத்து வந்த சேற்று உருவத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகள்தான் "நைனா!" என்று கத்தினாள்.

ஆமாம், அவரேதான். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். வாய்க்காலில் சைக்கிளைத் தூக்கும்போது கேரியரைப் பிடித்துக்கொள்ள வாட்டமாக இருந்ததாம். மற்றவர்கள் கை வழுக்கித் தடுமாற, இவர் தாண்டி வந்துவிட்டார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது நான் பார்த்தது அந்த முகத்தைத்தான். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. பின்னால் மூன்று பேர் தோப்பை விட்டு அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார், மகளின் கவுனைப் பார்த்தார். பிரேக் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். மூச்சு இரைத்தது.

"ஏறு," என்றார்.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் கிழிப்பவர் இந்தச் சேற்றை உள்ளே விட மாட்டேன் என்றார். பம்படியில் தலையை நீட்டிக் கழுவிக்கொண்டு, சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு வந்தார். நியூஸ் ரீல் முடிவதற்குள் தூங்கிப்போனார். இடைவேளையில் அவருடைய மசால்வடையையும் நானே தின்றேன்.

டீக்கடையில் அவரை ஒரு மாதம் கேலி செய்தார்கள். வரவேண்டிய டிபன் கேரியரை விட்டுவிட்டுப் பெண்டாட்டியைக் கேரியரில் வைத்துக்கொண்டு போனவன் என்று. அதற்கு அவர் எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னார்: "அவ 'நீ போய்யா, ரேஸ முடி'ன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல." கேட்டவர்கள் என்னைப் பார்த்து, உங்களைப் போல ஒரு பொம்பளை உண்டா என்றார்கள். நானும் தலையாட்டிவைத்தேன்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்ல நேரமிருந்தது. பின்னால் வருகிறவர்களும் எனக்குத் தெரிந்தார்கள், எதிரே டீக்கடையும் தெரிந்தது. 'போய்யா' என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். என் அப்பன் வீட்டு மாட்டைக்கூட இழுத்துத் திட்டியிருக்கிறார். அந்த ஒன்றை மட்டும் அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.