குறுக்கே படுத்தவள்

ரொறன்ரோவில் பெண்களின் ஐஸ் ஹொக்கி பார்க்கிறேன். பக்கத்து இருக்கையில் பிக்கரிங்கிலிருந்து வந்த வசந்தி அக்கா. அவருக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரி முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் மறுபடி இறங்கியிருக்கிறாள். கால் தாங்காவிட்டால் அவளுடைய ஆட்டக்காலம் இதோடு முடிந்துவிடுமாம்.

எதிரணிக்காரி பனித்தரையில் கிடக்கும் ரப்பர் வட்டை மட்டையால் ஓங்கி அடிக்க, இவள் குறுக்கே விழுகிறாள்.

"ஐயோ, வழுக்கிப்போட்டாவோ?"

"இல்லைத் தம்பி, மறிக்கத்தான் படுத்தவ. அவதான் எங்கட மதில்."

வட்டு அதே முழங்காலில் படுகிறது. அக்கா என் கையை இறுக்கிப் பிடிக்கிறார். அவள் மெல்ல எழுந்து, அந்தக் காலை ஊன்றியே சறுக்கிப் போகிறாள். ஆடுகள ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய அணியினர் மட்டைகளால் முன்னாலுள்ள தடுப்புப் பலகையில் படபடவென்று அடிக்கிறார்கள்.

"ஏனக்கா, அவைக்குக் கோபமோ?"

"உமக்கென்ன விசரே? உதுதான் அவையின்ர கைதட்டு!"

மட்டைக்கு எங்கே போவது? அக்கா குடையால் முன்னிருக்கையைத் தட்டுகிறார். அதில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் காலால் தட்டத் தொடங்குகிறார்.