வச்சிரத்தில் ஒட்டிய அலைகள்

என் தங்கைக்கு இடது காதுக்குக் கீழிருந்து நெஞ்சுக்குழி வரை தீக்காயம். பட்டாசுக் கம்பெனிக்குப் போன மூன்றாம் மாதம் வாங்கி வந்தது. அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மாவை விட எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முடியப்போகிற நேரம் அது.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லேபிள் அச்சாபீசில் வேலை பார்த்தார். மாதிரிக்கு வந்த பழைய ஜப்பான் தீப்பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மேலே நீல அலைகள், பிறை மேல் பிறையாக. கடலை நான் திருச்செந்தூரில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது இப்படி வரிசையில் நின்றதே இல்லை. ஜப்பான்காரன் நிற்க வைத்திருந்தான்.

திருச்செந்தூரில் அள்ளி வந்த நகத்தளவு சிப்பிகளைக் கறுப்பு வெல்வெட் துண்டில் அதே மாதிரி அடுக்கி ஒட்டினேன். காயம் தெரியாமல் கழுத்தை அடைத்து நிற்கிற அட்டிகை. பத்து நாள் வேலை. நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கக் காய்ச்சுகிற வச்சிரப் பசையைச் சிரட்டையில் எடுத்து வந்திருந்தேன். குச்சியில் மருந்தையே பிடித்து வைக்கிற பசை சிப்பியைப் பிடிக்காதா என்ற திமிர். ஈரம் பட்டால் அது இளகும் என்று வருஷா வருஷம் மழையில் பார்த்தவள்தான் நான். புத்தி எங்கே போயிருந்ததோ.

"யக்கா, காயத்தோடவே நிக்கேனே. பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் தங்கை.

"வாய மூடிட்டு கழுத்தக் காட்டு" என்று கட்டிவிட்டேன்.

சித்திரை வெயில். காப்பித் தட்டை ஏந்தி நின்றவளுக்கு வேர்த்து வழிந்தது. முதலில் வச்சிரத்தின் வாடை எழுந்தது. பிறகு அலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தட்டில் விழுந்தன. வெல்வெட் துண்டும் நனைந்து சுருண்டு கீழே இறங்கிவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள். தங்கை குனியவில்லை. நான்தான் செத்துப்போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்து முடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எங்கள் அம்மாவிடம் சொன்னார்:

"தீக்காயம் இங்கன யாருக்கு இல்ல? எம் மகனுக்கு முதுகு பூரா கிடக்கு. அத நாங்க தரகர்ட்டயே சொல்லித்தான் விட்டோம். நீங்க மறைச்சிட்டீகளே."

அவர்கள் திரும்பி வரவில்லை. தங்கை என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. சிப்பிகளைப் பொறுக்கி, கழுவி, என் கையில் கொடுத்தாள்.

மறு வருஷம் வேறு இடத்திலிருந்து பார்க்க வந்தார்கள். தங்கை வெறுங்கழுத்தோடு போய் நின்றாள். என்னை மட்டும் அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.