இடது பின்வரிசையில் ஏழு சீசன்

கால்பந்தில் முன்வரிசைக்காரன் தான் போட்ட கோல்களை எண்ணுவான். பின்வரிசைக்காரனான நான் வாங்கிய கோல்களை எண்ணினேன். ஏழு சீசன்களில் தொண்ணூற்று மூன்று ஆட்டங்கள். என் பக்கமாக வந்து விழுந்தவை நாற்பத்தொன்று. அதில் ஒன்று என் தலையில் பட்டே உள்ளே போனது. நான் போட்டது ஒன்று. அதுவும் ஆஃப்சைடு என்று எதிரணிக்காரர் ஒருவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பேரன் தொலைக்காட்சியில் வெளிநாட்டு ஆட்டம் பார்க்கும்போது சொல்ல ஆரம்பிப்பேன். அவன் ஒலியைக் கூட்டி வைப்பான்.

சம்பளத்துக்குப் பந்தாடினேன் என்றால் நம்புவதற்கும் ஆளில்லை. சேலத்துக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லுக்கு அப்போது ஒரு டீம் இருந்தது. இரண்டாம் டிவிஷன். பாதிநாள் மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை, மீதி நாள் மைதானம். எங்களில் பெரும்பாலோர் டெம்பரரி. சீசன் முடிந்ததும் பெயரை எடுத்துவிடுவார்கள், அடுத்த சீசனுக்கு மறுபடி சேர்ப்பார்கள். நடுவில் இரண்டு மூன்று மாதம் நாங்கள் யாருமில்லை. பர்மனென்ட் ஆகிவிட்டால் அந்த இடைவெளி கிடையாது. அதோடு மில் குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் கிடைக்கும்.

அந்த வீடுதான் எனக்கு வேண்டும். என் அப்பா மலைமேல் மாரமங்கலம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறவர். அவருடைய தாத்தா சமவெளியிலிருந்து மலையேறியவர். மூன்று தலைமுறையாக இருந்ததும் எஸ்டேட்டின் லைன் வீட்டில்தான். வேலை செய்கிறவரைக்கும் வீடு. அப்பா ஓய்வு பெறும்போது குடும்பத்தில் வேறு யாரும் அங்கே வேலையில் இல்லையென்றால் காலி செய்துவிட வேண்டும். அம்மா நெஞ்சுச் சளியால் முன்பே வேலையை விட்டிருந்தாள். அக்காவை மலையடிவாரத்தில் குப்பனூரில் கொடுத்திருந்தோம், அங்கே ஒரே அறையில் ஆறு பேர். நான் படித்தவன், பதினோராம் வகுப்பு தேறியவன், ஒரே மகன். அப்பாவுக்கு ஓய்வு வருமுன் நான் பர்மனென்ட் ஆகவேண்டும். ஏழு சீசனும் என் தலைக்குள் ஓடியது இது ஒன்றுதான்.

நான் பந்து பழகிய இடத்தைச் சொல்லவேண்டும். எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரிவை வெட்டி எடுத்த ஒரு மண் தரை. மூன்று பக்கம் மேடு. நான்காவது பக்கம் ஒன்றும் கிடையாது, நேராகக் காப்பிக் காடு இறங்கும். பந்து அந்தப் பக்கம் போனால் செடிகளுக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். பழம் சிவந்திருக்கும் மாதங்களில் செடிக்குள் ஓடினால் பழம் உதிரும் என்று கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் பந்தையே பிடுங்கி வைத்துக்கொள்வார். ஆகவே எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பந்து யார் பக்கத்தில் கீழே போகிறதோ அந்தப் பக்கம் தோற்றது, ஆட்டம் முடிந்தது. யார் காலில் கடைசியாகப் பட்டது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. நான் விளிம்போரம் நிறுத்தப்பட்டவன். ஓடும் பந்தை விளிம்பில் உள்ளங்காலால் அழுத்தி, இடது முழங்காலை மடக்கி, அப்படியே உள்பக்கம் திரும்பிவிடுவேன். யோசித்துச் செய்வதில்லை. கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கை விலகுவதைப் போல அது தானாக நடக்கும்.

மில் டீமின் கோச் பட்டாளத்திலிருந்து வந்தவர். அவருக்கு என்னிடம் பிடித்ததும் இதுதான், பிடிக்காததும் இதுதான்.

"இந்த மலையாளு பந்தை வெளிய உடவே மாட்டான்யா" என்று லேபர் ஆபீசரிடம் பெருமையாகச் சொல்வார். அரைமணி கழித்து மைதானத்தில் கத்துவார்: "வெளிய அடிடா! அடிச்சுத் தொலை! அது உங்கப்பன் ஊட்டுச் சொத்தா?"

அடிக்கக் கற்றுக்கொண்டேன். பந்து என் காலில் இருந்தால் வெளியே அடித்துவிடுவேன். ஆனால் தானாக வெளியே போகிற பந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மட்டும் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ஆறாவது சீசனில் எங்கள் டீம் அடியிலிருந்து இரண்டாவது இடத்தில் கிடந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் லேபர் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். டிவிஷனிலிருந்து இறங்கினால் மேனேஜ்மென்ட் டீமைக் கலைத்துவிடும். இறங்காமல் நின்றால் டெம்பரரியில் மூத்தவர்கள் நான்கு பேரைப் பர்மனென்ட் செய்யச் சொல்லி எழுதுவார். நான்கு பேரில் நான் ஒருவன், எங்கள் கோல்கீப்பர் இன்னொருவர். அவர் செவ்வாய்ப்பேட்டைக்காரர், வாய் சும்மா இருக்காது. "ஒரு டிரா போதுமுங்க, அதுக்கு ஏன் இத்தனை பேச்சு" என்று ஆபீசரிடமே சொன்னார்.

ஆட்டம் மூன்றரை மணி வெயிலில் தொடங்கியது. புல் கிடையாது, சரளை. மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வந்தவர்கள் கோட்டைச் சுற்றி நின்றார்கள். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணியின் வலதுபுறக்காரன் நீளமாகத் தட்டிவிட்ட பந்து அவனுக்கே எட்டாமல் எங்கள் கோல் லைனை நோக்கி உருண்டது. அது வெளியே போகவேண்டிய பந்து. போனால் எங்களுக்குத்தான் கோல் கிக், நிதானமாக ஒரு நிமிடத்தை வீணடிக்கலாம். அதை எதிரணிக்காரனே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"உடு! உடுடா, போவட்டும்!" என்று கோல்கீப்பர் கத்தினார். கேட்டது.

நான் ஓடினேன். கோட்டின்மேல் உள்ளங்காலை வைத்து அழுத்தி, இடது காலை ஊன்றித் திரும்பினேன். உடம்பு திரும்பியது. பூட்ஸின் ஆணிகள் சரளையில் மாட்டிக்கொண்டு கால் திரும்பவில்லை. கவாத்தில் ஈரக் கிளை முறிகிற சத்தம் முழங்காலுக்குள் கேட்டது. பந்து என் காலடியிலேயே இருந்தது. கோல்கீப்பர் வந்து அதன்மேல் விழுந்து, படுத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்டா, போற பந்தைப் புடிச்சு வெச்சு என்னடா பண்ணப் போற? கொழம்பு வெக்கப் போறயா?"

மாற்று ஆட்களை ஏற்கெனவே இறக்கியிருந்தோம். நான் வெளியே போனால் பத்துப் பேர்தான். எனவே மீதி நேரம் முழுவதும் இடது பக்கத்தில் ஒரு கம்பத்தைப் போல நின்றேன். டிரா ஆனது. ஆளுக்கு ஒரு பொட்டலம் மிக்சரும் இரண்டு ஜாங்கிரியும் கொடுத்தார்கள். எனக்கு மட்டும், என்னைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் ஏற்றிய பிறகு கொடுத்தார்கள்.

லேபர் ஆபீசர் சொன்ன சொல் தவறவில்லை. நான்கு பெயர்கள் எழுதினார். பர்மனென்ட் ஆக மில் டாக்டரின் தகுதிச் சான்று வேண்டும். மற்ற மூவரும் போய் வாங்கி வந்தார்கள். என் முழங்கால் பலாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது, என்னை டாக்டரிடம் அனுப்பவே இல்லை.

"உங்களை எடுத்ததே ஆடறதுக்குத்தானுங்களே" என்றார் ஆபீசர். "காலு மொதல்ல சரியாவட்டுமுங்க. அடுத்த சீசன் ஆடுங்க. முடிஞ்சதும் மறுபடி எழுதறேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வைத்துப் பேசுகிற ஆளிடம் கோபப்படவும் வழியில்லை.

குப்பனூரில் அக்கா வீட்டில் கிடந்தேன். அடிவாரத்தில் எலும்புக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். எப்போது ஓடலாம் என்று கேட்டேன்.

"ஓடறதுங்களா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடங்க. அதே பெருசு."

கட்டைப் பிரித்ததும் அப்பாவைப் பார்க்கப் பஸ்ஸில் மேலே போனேன். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் முழங்கால் தனியாக ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா லைன் வாசலில் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஆபீசில் சொல்லிவிட்டார்களாம், வருகிற பழம் பறிப்பு முடிந்ததும் அவருக்கு ஓய்வு. வீட்டுக்கு அதற்குமேல் மூன்று மாதத் தவணை.

"எங்கயோ ஒண்டிக்கறோம் சாமி. நீ காலப் பாத்துக்க" என்றார்.

"ஆயிருமுங்கப்பா. இன்னும் ஒரு சீசன்தான்."

"காலு நொம்ப வலிக்குதா?"

"இல்லீங்க."

அவர் என் நடையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஏழாவது சீசனைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நின்னாப் போதும். உன் பேரு ஷீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். நல்ல மனிதர். முழங்காலைத் துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டு இறங்குவேன். ஓடினால் தெரிந்துவிடும் என்பதால் பந்து எங்கே வரும் என்று முன்பே கணித்து, அங்கே நடந்து போய் நின்றுகொள்வேன். இரண்டு ஆட்டங்களுக்கு அது செல்லுபடியானது. மூன்றாவது ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எதிரணிகள் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்துக்கொண்டார்கள்போல. ஆட்டம் தொடங்கியதும் "எடதுல போ, எடதுல போ" என்ற சத்தம்தான்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களும் விடவில்லை. மரியாதையாகவே கேட்பார்கள்.

"ஏனுங்க, பஸ்ஸு போயிருச்சுங்களா? நடந்தே வர்றீங்க?"

"மச்சான், அவரத் தொந்தரவு பண்ணாத. கல்யாண ஊட்டுக்கு வந்திருக்காரு."

கோல்கீப்பர் இப்போது பர்மனென்ட். அவர் எனக்காக இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் என் பக்கத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அதனால் வலது பக்கம் திறந்துகிடந்தது, அங்கேயும் கோல் விழுந்தது. அந்தப் பழியை அவர் வாங்கிக்கொண்டார். என் கணக்கில் உள்ள நாற்பத்தொன்றில் பதினாறு அந்த ஒரே சீசனில் விழுந்தவை. வலது பக்கம் விழுந்தவற்றை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றும் தெரியவில்லை. சீசன் முடிவில் கடைசி இடம். டிவிஷன் போயிற்று, டீம் கலைந்தது.

ஆனாலும் ஆபீசர் என் பெயரை எழுதினார். சொன்னபடி ஆடி முடித்தவன் என்று எழுதினாராம். இனி டாக்டர் மட்டும்தான் பாக்கி. அந்தச் சோதனையில் குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும் என்று கோல்கீப்பர் சொல்லியிருந்தார். அவருடைய அறையில் அவர் டாக்டராக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னை எழவைத்துப் பழக்கினார். "பல்லைக் கடிக்காதீங்க, மொகம் காட்டிக் குடுக்குது" என்பார் டாக்டர் குரலில். எடை முழுவதையும் வலது காலில் வாங்கி, இடது காலை சும்மா தரையில் வைத்து எழுவதற்கு ஒரு மாதம் பிடித்தது.

டாக்டர் வயதானவர். கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார்.

"குந்துங்க."

குந்தினேன்.

"எந்திரிங்க."

எழுந்தேன்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் எழுந்தேன். மூன்றாவது தடவையும் சொன்னார். அதற்கும் எழுந்தேன். முதுகில் வியர்வை ஓடியது. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார்.

"டீம் இல்லையாமே. உங்களை எங்க போடறாங்க?"

"ரிங் பிரேமுங்க."

"எட்டு மணி நேரம் நிக்கணும். நடந்துக்கிட்டே இருக்கணும். ஸ்டூலு கெடையாது."

"தெரியுமுங்க."

"அந்த எடது காலோடவா?"

அவர் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அப்பாவும் அம்மாவும் தவணை முடிவதற்குள் இறங்கி வந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் நின்று பேசும் அளவுக்கு ஒரு வராந்தா. மலையை விட்டு இறங்காத அப்பாவுக்குச் சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பகலெல்லாம் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்திருப்பார். ஆனால் வெளியே போகச் சொல்ல யாருமில்லாத வீடு. அதை அவர் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார், ஒரு தடவைதான்.

ரிங் பிரேமில் நூல் அறுந்த இடத்தை ஒட்டிக்கொண்டே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கவேண்டும். டீக்குப் பத்து நிமிடம் விடுவார்கள். எல்லோரும் சுவரோரம் குந்துவார்கள். ஷிப்டின் நடுவில் நான் குந்தினால் எழ ஒரு கை வேண்டும், அதை மேஸ்திரி பார்த்துவிடுவார். புதிதாகச் சேர்ந்தவனை ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்று விதி. அதனால் ஆறு மாதம் டீயை நின்றுகொண்டே குடித்தேன். ஆறு மாதம் முடிந்தது. இனி என்னை யாராலும் அனுப்ப முடியாது என்று தெரிந்த பிறகும் உட்காரத் தைரியம் வரவில்லை. இருபத்து நான்கு வருடம் அந்த மில்லில் நான் உட்கார்ந்து டீ குடித்ததில்லை.

வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வந்து வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்பா உள்ளேயிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

"இது நம்ம ஊடுதானே கண்ணு. ஒக்காரு."

"இருக்கட்டுமுங்கப்பா" என்பேன்.